செங்கோட்டை ஷெட்டில் ஒரு சிலோன் கார்

1

போன சனிக்கிழமை இங்கே ஈப்போவில் ஒரு பழைய கார் வாங்கினேன். வெயிலில் வெளுத்த பச்சை நிறம், நாலு கதவு, பின்சீட்டில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை ஒன்று. விற்றவர் ஆ ஹெங் என்ற சீனர். நான் ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் ஈயச் சுரங்கத்துக்குக் கயிறும் ஆணியும் கொண்டுவந்து போடுகிறவர். பெயர் மாற்றுவதற்காக இருவரும் பதிவு ஆபீசுக்குப் போனோம். வேடிக்கை பார்க்க என் மகள் உலகம்மையும் கூட வந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் ஆ ஹெங்கிடமிருந்து உள்ளங்கையளவு புத்தகம் ஒன்றை வாங்கினார். அவர் பெயரை அடித்தார். என் பெயரை எழுதினார். முத்திரையைக் குத்தினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இங்கே காலிப் பால் டின்னில் காப்பி ஊற்றி, தூக்கிப் போக நூல் கட்டிக் கொடுப்பார்கள். ஆபீஸ் வாசலில் நான் வாங்கிய காப்பி அதற்குள் சூடுகூட ஆறவில்லை.

நான் நகரவில்லை.

“இவ்வளவுதானா?” என்று கேட்டேன்.

“இவ்வளவுதான்.”

“இந்தக் கார் எந்தத் தேதியில் இந்த நாட்டுக்குள் வந்தது?”

அவர் என்னைப் பார்த்தார். “கார் வெளியேதானே நிற்கிறது?”

“நிற்கிறது, சரி. வந்ததற்கு அத்தாட்சி?”

“வராமல் எப்படி ஐயா நிற்கும்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. பதில் சொல்ல ஆரம்பித்தால் அந்த ஆபீஸ் அன்றைக்கு மூடியிருக்கும். அதற்குள் உலகம்மை என் சட்டையைப் பிடித்து இழுத்து, கவுண்டர்காரரிடம் மலாயில் விறுவிறு என்று ஏதோ சொன்னாள். அவர் முகம் உடனே இளகிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் சொன்னது எனக்கும் புரிந்தது. ‘மன்னிச்சுக்குங்க, எங்க அப்பா இந்தியாவிலிருந்து வந்தவர்.’

வெளியே வந்ததும் எனக்கு ஒரு புத்திமதியும் கிடைத்தது. “அப்பா, இனி ஆபீஸ்ல நீங்க பேசாதீங்க. நான் சாக்காப் பண்றேன்.” சாக்காப் என்றால் மலாயில் பேச்சு. பிறந்தது தென்காசியில். பேச்சுக்குத் தமிழில் ஒரு சொல் இருப்பது அவளுக்கு மறந்து போயிற்று. நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் என் புத்தி எல்லாம் செங்கோட்டையில் ஒரு தகர ஷெட்டில் இருந்தது.

தென்காசிப் பக்கம் இதைப் படிக்கிற சிலருக்காவது நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

2

எட்டு வருஷத்துக்கு முந்திய கதை இது. அப்போது நான் இந்த மலாயாவை விட்டே போய்விட்டவன். ஐந்து வருஷம் இங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பி, கோமதியைக் கட்டிக்கொண்டு, உலகம்மையும் பிறந்து, தென்காசியில் வீட்டோடு இருந்தேன். கையில் ஒரே ஒரு கயிறு மட்டும் அறாமல் இருந்தது. மலாயாவுக்குத் திரும்பி வரலாம் என்று கொடுத்திருந்த பெர்மிட் அது. அந்த ஆனி மாதம் முடிவதோடு காலாவதி. அதற்குள் கப்பலேறினால் பழைய வேலை இருக்கிறது. ஏறாவிட்டால் பிறகு நினைத்தாலும் போக முடியாது.

கோமதி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “பச்சப்புள்ளையத் தூக்கிட்டு என்னால கப்பல்ல எல்லாம் வர முடியாது. எங்க அம்மைக்கு நான் ஒருத்தி. கஞ்சியோ கூழோ, இங்கனயே ஒரு சோலியப் பாருங்க.”

எனக்கும் போக மனசில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், துளிகூட இல்லை. ஆனால் ஊரில் வேலை வேண்டுமே. அப்போதுதான் மாடசாமி ஒரு யோசனை சொன்னான். மாடசாமி பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்து, முதலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன். மெக்கானிக் வேலையும் தெரியும்.

“அண்ணே, இன்னும் ஒரு மாசத்துல குத்தாலத்துல சாரல் விழுந்திரும். மதுரை, மெட்ராசுன்னு சனங்க ரயில்ல வந்து தென்காசி ஸ்டேஷன்ல எறங்குதாங்க. அருவிக்குப் போக வில்லுவண்டியும் குதிரை வண்டியும் பத்த மாட்டேங்கு. நீங்க ஒரு காரை வாங்குங்க. நான் ஓட்டுதேன். மூணு மாசம் சீசன், மிச்ச மாசம் கல்யாணம் காட்சி. ரெண்டு குடும்பம் சாப்பிடலாம்.”

புதுக் கார் என்பது அந்தக் காலத்தில் பேர் எழுதிவைத்துவிட்டுப் பேரன் காலத்தில் எடுக்கிற சாமான். பழைய கார்தான் வழி. செங்கோட்டையில் ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் ஒரு சீமைக் கார் விலைக்கு நிற்கிறது என்று தெரிந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவர். கடையை விற்றுவிட்டு வரும்போது காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்.

சிலோன் கார் என்றதும் ஸ்டேஷன் வாசலில் இருந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “கடுதாசியப் பாத்து வாங்கும் வே. ஆலங்குளத்துல ஒருத்தர் இப்பிடித்தான் சிலோன் வண்டிய வாங்கினாரு. ஆறு மாசத்துல திருப்பிக் கொண்டு போறேன்னு எழுதிக் குடுத்துட்டு எறக்கின வண்டியாம். சுங்கக்காரங்க வீட்டு வாசல்ல வச்சே தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

ஆகவே நான் காகிதத்தைப் பார்த்துத்தான் வாங்குவேன் என்ற வைராக்கியத்தோடு, மாடசாமியையும் கூட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனேன். காகிதத்தைப் பார்க்காமல் வாங்குகிறவனுக்கு விற்பதில்லை என்ற வைராக்கியத்தோடு அண்ணாச்சி அங்கே உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. வண்டியப் பாக்கவா வந்திய? அது எங்க போவப் போவுது? மொதல்ல கடுதாசியப் பாருங்க” என்று ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

கொழும்புக் கம்பெனியின் பில். கப்பல் கூலி ரசீது. கொச்சியில் இறக்கியபோது சுங்கம் கட்டிய ரசீது, சிவப்பு முத்திரையுடன். நிரந்தரமாகத்தான் கொண்டுவருகிறேன், திருப்பி அனுப்பமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்ததன் நகல். மலைக்கு அந்தப் பக்கம் செய்த திருவிதாங்கூர்ப் பதிவு. வரி வில்லைகள், வருஷவாரியாக நூல் கோத்து. கார் கிரேனில் தொங்குகிற போட்டோ ஒன்று. அதற்கு நேர் கீழே கோட்டுப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி நிற்கிறார். கடைசியாக, பிரயாணத்தில் இந்தக் கார் மழையில் நனையவில்லை என்று கப்பல் சிப்பந்தி ஒருவர் கைப்பட எழுதிய சீட்டு.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“பின்னால யாரும் நனைஞ்சிச்சான்னு கேட்டா?”

மாடசாமி என் காதில் சொன்னான். “அண்ணே, கார் வாங்க வந்தமா, சம்பந்தம் பேச வந்தமா? சாதகத்தை விரிச்ச மாதிரில்லா விரிக்காரு.”

இப்படி இரண்டு நாள் காகிதம் பார்த்தோம். எனக்கும் ஸ்டோர் கிளார்க் புத்தி, ரசித்துத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் ஷெட்டைத் திறந்தார். டயர் இல்லாமல் நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன்மேல் கார் நின்றது. கண் மங்கியதால் டாக்டர் கார் ஓட்டக்கூடாது என்று சொல்லி நாலு வருஷம் ஆயிற்றாம். அன்று முதல் அது அசையவில்லை. மாடசாமி அடியில் படுத்து, கொட்டாங்கச்சியால் கிரீஸைச் சுரண்டி நம்பரைப் படித்தான். நான் ரசீதில் சரிபார்த்தேன். இஞ்சின் நம்பர், அடிச்சட்ட நம்பர், ஒரு எழுத்துப் பிசகில்லை.

“எஞ்சினு பொன்னு மாதிரி இருக்கு அண்ணே. ஒரு வாரம் குடுங்க, ஓட வச்சிருதேன்.”

அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் கோமதி வேறு ஒன்றும் கேட்கவில்லை. சீட்டுக்கு உறை தைக்க வேண்டும், நீள அகலம் எவ்வளவு என்று கேட்டாள். அதுவரை பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

3

இடையில் இந்த ஊர்ச் சமாச்சாரம் ஒன்று. கார் வாங்கிய மூன்றாம் நாள், எனக்கு மனசு கேட்காமல் ஸ்டோருக்கு வந்த ஆ ஹெங்கிடம் மறுபடியும் விசாரித்தேன். உமக்கு முன்னால் இதை யார் வைத்திருந்தார், அவருக்கு முன்னால் யார், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. இது திருட்டுக் கார் இல்லை என்று தன் தாயார் பேரில் சத்தியம் செய்தார். மறுநாள் ஒரு கிழவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். தோட்டத்துரை ஒருவரிடம் சமையல்காரராக இருந்தவராம். துரை இந்தக் காரில் ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த சாட்சி.

வீட்டில் வந்து சொன்னேன். கோமதி சிரிக்கவில்லை. “பாவம், அந்த மனுசனை ஏன் போட்டு இந்தப் பாடு படுத்துதிய? எல்லாரும் செங்கோட்டைக்காரங்களா இருப்பாங்களா?” என்றாள். பிறகு உலகம்மையின் பள்ளிக்கூடப் பாரம் ஒன்றை நீட்டினாள். ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் உலகம்மை தன் கையால் ஈப்போ என்று எழுதியிருந்தாள். தென்காசி என்று போடு என்றேன். “அங்க நான் ஒரு தடவைகூட நின்னதில்லையே அப்பா” என்றாள். ஒரு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. அவள் சொல்வதும் நியாயம்தான்.

4

அண்ணாச்சியோடு பெயர் மாற்றப் பதிவு ஆபீசுக்குப் போன கதைக்கு வருகிறேன். எந்த ஊர் ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே ஒரு தலைமைக் குமாஸ்தா. அண்ணாச்சியின் டிரங்குப் பெட்டி முழுவதையும் ஒரு பகல் பார்த்தார். எல்லாம் சரி என்றார். நனையாத சீட்டைப் படித்துவிட்டு அண்ணாச்சியை மரியாதையாக ஒரு பார்வையும் பார்த்தார். பிறகு ஒரு பாரத்தை எடுத்து, மூன்று கட்டங்களைப் பேனாவால் தட்டினார். ‘வாகனம் இம்மாநிலத்துள் பிரவேசித்த தேதி. பிரவேசித்த வழி. சோதனைச் சாவடி முத்திரை.’

“இது நெரப்பாமக் கெடக்கே?”

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது அதை மெட்ராசோடு சேர்த்தார்கள். நான் சொல்லும் சமயத்தில் சேர்த்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். சேர்த்த அன்றே இந்தக் கார் செங்கல் மேல்தான் நின்றது.

அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். “ஐயா, வண்டி வரல. வண்டி நின்ன எடத்துலதான் நின்னுச்சு. மாநிலம்தான் வந்துச்சு.”

“இங்க பாரும். மாநிலம் வந்ததுக்கு சர்க்கார் உத்தரவு இருக்கு. வண்டி வந்ததுக்கு ஒம்மகிட்ட என்ன இருக்கு?”

“வராத வண்டிக்கு என்ன இருக்கும்?”

“வரலைன்னா அது இங்க இல்ல. இல்லாத வண்டிய நான் எப்பிடிப் பேர் மாத்த?”

நான் குறுக்கே விழுந்தேன். “சார், இங்க இல்லைன்னா ரெண்டு வருசமா இந்த மாநிலத்துக்கு வரி கட்டியிருக்காரே, அந்த வில்லை இதுல இருக்கே?”

அவர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கட்டினா வாங்கிக்கிடுவோம்” என்றார்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பதிவு ஆபீசிலிருந்து, வண்டி அங்கே இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். எழுதினோம். இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் வைகாசி முடிந்து ஆனி பிறந்துவிட்டது. மலையில் மேகம் இறங்கி, ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்றார்கள். பதிலில் இரண்டே வரி. செங்கோட்டை தற்போது எங்கள் எல்லைக்குள் இல்லையாதலால் அங்குள்ள வாகனங்கள் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. மேற்படி வாகனம் எங்கள் பதிவேட்டின்படி எங்கள் மாநிலத்தில்தான் உள்ளது.

குமாஸ்தா அதைப் படித்து ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தார். “நான்தான் சொன்னேன்லா, வண்டி அங்கனதான் இருக்கு.”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மேஜையைத் தட்டி, வாரும் செங்கோட்டைக்கு, தொட்டுப் பாரும் என்று கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கூட்டம் கலைந்த பிறகு எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்கு அழைத்து, சொந்தத் தம்பிக்குச் சொல்வதுபோல் ஒரு வழி சொன்னார். “ஒண்ணும் பெரிய காரியம் இல்ல. வண்டிய ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிட்டு, இந்தப் பக்கம் கொண்டு வாங்க. சாவடியில முத்திரை வாங்கிருங்க. மறுநாளே பேர் மாத்தித் தாரேன்.”

எந்தப் புத்தியுள்ளவனும் இதைக் கேட்டு வேறு கார் தேடப் போயிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷத்தோடு ரயிலேறினோம். எனக்காவது பெர்மிட் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. அண்ணாச்சிக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆனால் தன் பெட்டியில் இல்லாத ஒரு முத்திரை உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

5

டயர் இரவல் கிடைத்தது. இஞ்சின் மட்டும் ஒரு சாமானுக்காக அடம் பிடித்தது. மதுரையிலிருந்து அது வரப் பத்து நாள் ஆகும் என்றான் மாடசாமி. பத்து நாள் காத்திருக்க எனக்கு வழியில்லை. அண்ணாச்சி இலத்தூரில் இருந்த தன் வயல்காரரிடம் சொல்லி இரண்டு ஜோடி மாடு வரவழைத்தார். விடிகாலையில் காரின் முன்னால் நுகத்தடி கட்டி, மாடசாமி ஸ்டீரிங்கில் உட்கார்ந்தான். அண்ணாச்சி கோட்டுப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி, டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வயல்காரரும் நானும் மாடுகளோடு நடந்தோம். புளியரை தாண்டி மலை ஏறும்வரை இரண்டு பக்கமும் ஊர் ஜனம் நின்று பார்த்தது.

முதலில் வந்தது இந்தப் பக்கத்துச் சாவடி. காவலர் சுற்றிச் சுற்றி வந்தார். “காராய்யா இது, மாட்டு வண்டியா?”

“கார்தான்.”

“காருன்னா ஆபீஸ் கடுதாசி காட்டு.”

அதை வாங்கத்தான் போகிறோம் என்றோம். இந்த மாநிலத்துக்குள் வந்ததாகக் கணக்கில் இல்லாத கார் இந்த மாநிலத்தை விட்டு எப்படி வெளியே போகும் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மாடசாமி சொன்னான். “ஐயா, அப்பம் மாட்டு வண்டின்னே வச்சிக்கிடுங்க.” மாட்டு வண்டிக்கு அங்கே கேள்வி கிடையாது. சாலைக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கிவிட்டார்.

மதியத்துக்குமேல் மலை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாரல் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்த மலையாளக் காவலர் நல்ல மனிதர். மாடுகளைப் பார்த்து முதலில் ‘கஷ்டம்’ என்றார். எங்களுக்குக் கட்டன் சாயா கொடுக்கச் சொன்னார். பிறகு பதிவுப் புத்தகத்தைப் படித்தார்.

“இது இவிடத்தெ வண்டியாணல்லோ?”

“ஆமா.”

“இவிட உள்ள வண்டி பின்னெ எங்ஙனெ உள்ளே வரும்?”

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. நான் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மைல் மாடுகளோடு நடந்த கால் அது. அப்போது அந்தக் காவலரே மீசையைத் தடவிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்கு இந்த வண்டி உள்ளே வரவேண்டுமா, வெளியே போகவேண்டுமா? வெளியே போனதற்குத்தான் சீட்டு வேண்டும் என்றேன். “எங்கில் போகு!” என்று சிரித்தார். அப்படியானால் போ என்கிறார். கணக்குப்படி கார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆகவே அது வருவதற்கு ஒன்றுமில்லை, போவதற்கு மட்டும்தான் இருக்கிறது. தடிக்கு வெளியே, சாலையில் வைத்தே காரைத் திருப்பினோம். மேற்படி வாகனம் இன்று இம்மாநிலத்தை விட்டு வெளியேறியது என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

இறக்கத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பின்னால் ஓட்டி வந்தோம். பிரேக்கை நம்பாமல் காரின் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுக்கவிட்டான் மாடசாமி. சாரலில், சத்தமில்லாமல், தானாகவே கார் இறங்கியது. அது ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். ஜன்னல் வழியாக அண்ணாச்சி தலையை நீட்டி, “தம்பி, ஓடுது பாத்தியளா, ஓடுது பாத்தியளா!” என்று கத்திக்கொண்டே வந்தார். எனக்கும் ஓடிப்போய் அதைத் தொடவேண்டும் போல் இருந்தது. நாளைக்குத் தென்காசி ஸ்டேஷன் வாசலில் இந்தக் கார் நிற்கும். சாயந்தரம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்தப் பக்கத்துக் காவலர் இப்போது எதையும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்து முத்திரையைப் பார்த்ததும் தானும் ஒன்றைக் குத்தினார். எப்படி வந்தது என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, ‘இறக்கத்தால்’ என்று எழுதினார்.

6

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். அண்ணாச்சி புது முத்திரையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குமாஸ்தா பார்த்தார். “பேஷ்” என்றார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு சர்க்குலரை எடுத்தார்.

“முந்தாநாள்தான் வந்துச்சு. உங்க ஊரு மாதிரி எடத்துல இருந்த வண்டி எல்லாம், எல்லை மாறின அன்னைக்கே இந்த மாநிலத்துக்கு வந்ததா வச்சிக்கிடணும்னு உத்தரவு. சாவடி முத்திரை எல்லாம் தேவையில்ல.”

“அப்பம் நல்லதாப் போச்சு சார்” என்றேன்.

“நல்லதுதான். ஆனா இது முத்திரை இல்லாத வண்டிக்குத்தான். ஒங்க வண்டிக்குத்தான் முத்திரை இருக்கே. அது நேத்துல்லா வந்திருக்கு?” பேனாவால் இன்னொரு வரியைத் தட்டினார். “வெளியில இருந்து புதுசா வாற வண்டி ஆறு மாசம் உள்ள இருந்த பெறவுதான் கைமாத்தலாம்.”

ஆறு மாதம் கழித்துக் குற்றாலத்தில் பாறை மட்டும்தான் இருக்கும். அதுவாவது போகட்டும். ஆனி முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

அந்த முத்திரையைக் கிழித்துவிடுவோம், நேற்று நாங்கள் எங்கும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். குமாஸ்தாகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிழித்தால் தான் பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் கையை நீட்டினேன். அண்ணாச்சி துணியோடு அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“தம்பி, வேற எது வேணும்னாலும் கேளுங்க. நடந்த காரியத்துக்குக் குடுத்த கடுதாசியல்லா? அதைக் கிழிச்சா நாம நேத்து நடந்தது பொய்யாயிருமே.”

அந்த நிமிஷம் அவரை அறைந்துவிடலாம் போல் இருந்தது. கண்ணில் தண்ணீரோடு நின்றார் மனிதர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கிழித்திருக்க மாட்டேன் என்று தெரிந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

வேறு கார் தேடினேன். நாலு நாள் தேடினேன். பிறகு நாகப்பட்டினத்துக் கப்பல் ஆபீசுக்கு எழுதினேன். என்ன நடந்தது என்று கோமதியிடம் ஆதியோடந்தம் சொன்னேன். கேட்டுக்கொண்டே உலகம்மைக்குத் தலை வாரினாள். வாரி முடித்து, “நானும் வாறேன். தனியா விட்டா நீங்க அங்கனயும் இப்பிடித்தான் எதையாவது இழுத்துக்கிட்டு அலைவிய” என்றாள். அவள் அம்மாள் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

ஆறு மாதம் கழித்து அண்ணாச்சி ஈப்போவுக்கு எழுதினார். ‘கெடு முடிந்துவிட்டது. காகிதங்கள் யாவும் இப்போது பூரணம். தாங்கள் எந்த நாளும் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.’ மாடசாமிக்கே கொடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். கொடுத்தாரோ, அதற்கு என்ன காகிதம் கேட்டாரோ, தெரியாது.

கதையில் நான் முந்திப் போய்விட்டேன். பினாங்கில் இறங்கியதைச் சொல்லவில்லை. ஏழு நாள் கப்பலில் கோமதி நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்தே கிடந்தாள். குடிநுழைவு மேஜையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், பக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். என் பெர்மிட்டைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். அடுத்தது கோமதி, இடுப்பில் உலகம்மை.

“எதுக்காக இந்த நாட்டுக்கு வர்றீங்கன்னு தொரை கேக்குறார்ம்மா.”

கோமதி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க ஊர்ல ஒரு வண்டிக்கு முத்திரை கெடச்சிட்டு. அதான் வந்துட்டோம்னு சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இங்கிலீஷில் மூன்றே வார்த்தை சொன்னார்: புருஷனோடு வாழ. துரை அதை எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். கோமதி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அது மட்டும் எந்தக் கடுதாசியிலும் ஏறவில்லை.